எங்கே போகிறாய் என்று கேட்ட அண்ணி

1

மயிலிட்டிக்காரன் ஒருவனை மலைக்கு அனுப்புவது நல்ல ஆள் தெரிவு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் குடாநாட்டில் உயரம் என்று சொல்லக்கூடியவை பனையும் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே போய் மலையைத் தேடினால் கேணிதான் கிடைக்கும். சுவிஸுக்கு வந்த இந்த முப்பத்து நான்கு வருடங்களில் மலை எனக்கு யன்னலுக்கு வெளியே இருக்கும் ஒரு பொருள். ஊரிலிருந்து யாராவது வந்தால் காட்டுவேன். அவர்கள் படம் எடுப்பார்கள். பிறகு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுவோம்.

அப்படிப்பட்ட நான் போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கும் போகாமல், காலை ஆறரை மணி ரெயினில் முதுகுப்பையோடு குந்தியிருந்தேன். எதிரே என் மகள் மெலனி. வயது இருபத்து நான்கு, தாதியாக வேலை செய்கிறாள். பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளிக்கூடத்தோடு, பிறகு சிநேகிதிகளோடு என்று இந்த நாட்டின் பாதி மலைகளை ஏறி முடித்தவள். என் சப்பாத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

உல்லாசமாக நாங்கள் போகவில்லை. என் அண்ணையைக் கடலில் காணவில்லை, மூன்று இரவுகள் கழிந்திருந்தன.

2

அண்ணைக்கு அறுபது வயது. மயிலிட்டியில் இன்னமும் தொழிலுக்குப் போகிறார். ஊரை விட்டு இருபத்துச் சொச்சம் வருடங்கள் வெளியே இருந்து, இராணுவம் நிலத்தை விட்டபின் திரும்பிப் போகலாம் என்றவுடன் முதல் ஆட்களோடு போய்ப் பற்றை வெட்டி வீடு கட்டியவர். வியாழன் பின்னேரம், கூட றொபேட் என்ற தொழிலாளி ஒருவரோடு படகில் போனார். வெள்ளி விடியத் திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை.

செய்தி வந்தபோது நான் முதியோர் இல்லச் சமையலறையில் வேலையில் நின்றேன். மாமாவின் மகன் அல்பிரட்தான் ஊரிலிருந்து ரெலிபோன் எடுத்துச் சொன்னான். தேடப் போகும் படகுகளை ஊரில் ஒழுங்கு செய்தவன் அவன். சொல்ல வேண்டிய இடமெல்லாம் சொல்லியாகிவிட்டது என்றான். காற்று எப்படி என்று கேட்டேன், சோளகம் என்றான். அந்த ஒரு சொல் எனக்குப் போதும். எங்கள் கரையில் சோளகம் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். இயந்திரம் நின்றுபோன படகை அது கரைக்குக் கொண்டுவராது, வெளியே வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

பிறகு தொடங்கியது ரெலிபோன். லண்டனில் இருந்து சித்தப்பாவின் மகள், ரொறன்ரோவில் இருந்து பெறாமகன், பாரிசில் இருந்து ஊர்ச் சங்கத்துச் செயலாளர். ஒருவர் படகு கவிழ்ந்து கிடந்ததாம் என்றார். இன்னொருவர் இந்தியக் கரையில் ஒதுங்கியதாம் என்றார். யூரியூப்பில் ஒருவர் அண்ணையின் நீலப் படகைச் சிவப்பாக்கி, பின்னால் சோக இசையும் போட்டுவிட்டார். சனி பின்னேரம் நான் கதிரையில் இருந்தபடி ஒரே காணொளியைப் பதினைந்தாவது தரம் பார்த்துக்கொண்டிருந்தபோது மெலனி வந்து கையில் இருந்ததைப் பிடுங்கினாள். நாளைக்கு மலைக்குப் போகிறோம், இரண்டு பேரின் ரெலிபோனும் அம்மாவிடம் இருக்கட்டும் என்றாள்.

அண்ணையைக் காணாத நேரத்தில் மலையாம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் மனைவி றஞ்சி அவள் பக்கம் நின்றாள். நான் வீட்டில் இருந்து என்ன கடலையா இறைக்கப் போகிறேன் என்று கேட்டாள். பூசைக்குத் தானே போவதாகவும், இரண்டு ரெலிபோனையும் கோயிலுக்குள்ளும் கையில் வைத்திருப்பதாகவும் சொன்னாள். மெலனி வழியில் வரும் முதல் மலைக்குடிலின் பெயரையும் அங்குள்ள ரெலிபோன் இலக்கத்தையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். மகளுக்குப் பயந்து மலை ஏறியவன் என்று நீங்கள் சிரிக்கலாம். உண்மை அதுதான்.

3

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. உங்களுக்குத் தெரியாததல்ல. மிகவும் அவசியம் என்றால் 'தூரமோ' என்று கேட்கலாம். அவரும் 'உதிலைதான்', அதாவது இங்கே பக்கத்தில்தான், என்று நாடியால் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் போவார். கொழும்புக்குப் போகிறவரும் உதிலைதான், சுன்னாகம் சந்தைக்குப் போகிறவரும் உதிலைதான். தவறிப்போய் யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். கடற்தொழில் வீடுகளில் இது இன்னும் இறுக்கம். கடலுக்குப் போகிற மனிதனை மறித்துக் கேட்பது கேட்கக்கூடாத கேள்வி.

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காததற்கு வேறு காரணங்களும் சேர்ந்துவிட்டன. என் இளம் வயதில் அதை என்னிடம் வாய்விட்டுக் கேட்டவர்கள் சோதனைச்சாவடியில் துவக்கோடு நின்றவர்கள்தான். பிறகு இந்த நாட்டில் அகதி விசாரணையில் கேட்டார்கள். ஊரை விட்டு எங்கே போனாய், அதன் பிறகு எங்கே, அதன் பிறகு எங்கே. நான் பழக்கதோஷத்தில் 'உதிலைதான்' என்றேன். மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ஒரு பதிலுக்கு விளக்கம் கேட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது.

மெலனி நாலைந்து வயதில், நான் வேலைக்கு வெளிக்கிடும்போது வாசலில் நின்று "அப்பா எங்கை போறீங்கள்?" என்று கேட்பாள். நான் முகம் சுளித்துத் திரும்பி வந்து தண்ணீர் குடிப்பேன். பஸ் போய்விடும். நாலு தரம் ஏசியபிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். பெரியவளானதும் தான் எங்கே போகிறேன் என்று சொல்வதையும் விட்டுவிட்டாள். எனக்கும் கேட்க வாய் வருவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் சனி ஞாயிறுகளில் எந்த மலையில் நிற்கிறாள் என்று தெரியாத தகப்பனாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் போய்விட்டது.

வியாழன் பின்னேரம் அண்ணி கேட்டிருக்கிறார். அண்ணையின் மனைவி விமலா அண்ணி. அண்ணை வழமையைவிட ஒரு கலன் மண்ணெண்ணெய் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டுவிட்டு, வாசல் படலைவரை பின்னால் போய் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாராம். அண்ணை சினந்து, "கிழக்கை" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு, திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாராம். இது வெள்ளிக்கிழமையே ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் அண்ணியைத்தான் ஏசினார்கள்.

நானும் ஏசினேன். வெள்ளி பின்னேரம் அண்ணி எனக்கு எடுத்து, கிழக்கே பருத்தித்துறை வெளிச்சவீட்டுக்கு அப்பால் தேடச் சொல்லுங்கோ தம்பி, என் சொல்லை இங்கே ஒருவரும் எடுக்கிறார்கள் இல்லை என்று கெஞ்சினார். "போற மனிசனை மறிச்சுக் கேட்டால் இப்பிடித்தான் வரும் அண்ணி" என்றேன் நான். அதோடும் நிற்கவில்லை. அல்பிரட்டுக்கு எடுத்து, அண்ணை சோளகத்தில் மேற்கேதான் போவார், எனக்குத் தெரியும், பெண்களின் கதையை விட்டுவிட்டு மேற்கே தேடு என்றேன். பத்தொன்பது வயதுவரை அண்ணையோடு கடலுக்குப் போனவன் நான். வெளிநாட்டிலிருந்து சொல்கிறவன் என்ற மதிப்பு வேறு. வெள்ளியும் சனியும் எல்லாப் படகுகளும் மேற்கே போயின.

4

ரெயினால் இறங்கி, மஞ்சள் நிற மலைப் பஸ்ஸில் ஏறி, அது விட்ட இடத்திலிருந்து நடந்தோம். முதல் அரை மணித்தியாலம் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. பிறகு மாட்டு மணிகள் கேட்டன. அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்.

என்னால் அதை வர்ணிக்க முடியாது, முயலவும் மாட்டேன். பச்சை முடிகிற இடத்தில் கல், கல் முடிகிற இடத்தில் பனி, அதற்கு மேலே மேகமில்லாத வானம். முப்பத்து நான்கு வருடம் இதை யன்னலால் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டேன் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. அந்தச் சந்தோசத்துக்காகவும் வெட்கப்பட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது வழிகாட்டிப் பலகைகள். சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை நிற்கிறது. அதில் இவ்வளவு கிலோமீற்றர் என்று போடவில்லை, இவ்வளவு நேரம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மணி இருபது நிமிடம், இரண்டு மணி ஐந்து நிமிடம். கடலில் நாங்களும் தூரத்தை நேரத்தால்தான் சொல்வோம். இந்த நாட்டுக்காரரோடு எனக்கு ஒத்துப்போன முதல் விசயம் இது என்று மெலனியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். கல்லிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் பூச்சு வாளியோடு ஏறி வந்து அந்தக் கோட்டைப் புதுப்பிக்கிறாராம். தனக்குத் தெரியாத ஒருவன் வழி தவறிவிடக்கூடாது என்று வெயிலில் கல்லுக்குப் பூச்சுப் பூசும் அந்த ஆளைக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

இன்னொன்று. நான் இருக்கும் மாடிவீட்டில் லிப்ற்றுக்குள் என்னோடு ஒரு சொல் பேசாத சனம், இந்த ஒற்றையடிப் பாதையில் எதிரே வரும்போது ஒவ்வொருவராக வணக்கம் சொல்லிப் போகிறது. ஏன் என்று மெலனியைக் கேட்டேன். நீங்கள் காணாமல் போய், கடைசியாக உங்களைக் கண்டது யார் என்று பிறகு யாராவது விசாரித்தால் சொல்வதற்கும்தான் என்றாள். எனக்கு நடை தடுமாறியது. கல்லில் இடறிவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

5

பத்தரை மணிக்கு முதல் குடிலை அடைந்தோம். கல்லால் கட்டிய சிறிய வீடு, வாசலில் குந்தியிருக்க ஒரு வாங்கு, உள்ளே சூப்பும் கோப்பியும். அதை நடத்துகிறவள் அறுபது வயது மதிக்கத்தக்க பெண். கட்டைக் காற்சட்டையும் ஆண்களுடைய சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஒரு கையால் விறகு தூக்கினாள். மெலனியை அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மேசையில் ஒரு தடித்த கொப்பி கிடந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதில் எழுத வேண்டுமாம். பெயர், எத்தனை பேர், எங்கேயிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள். மெலனி மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு நாலாவதற்கு வந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். யோசித்துப் பிடிக்கவில்லை, கை தானாகப் போனது. அதிலே ஒன்றும் எழுதாதே என்றேன். மலையில் நிற்கிறோம், அண்ணையும் கடலில், போகிற இடத்தை எழுதி வைப்பது நல்லதல்ல என்றேன்.

அந்தப் பெண் என்ன பிரச்சினை என்று கேட்டாள். மெலனி விளக்கினாள். எங்கள் ஊர் வழக்கத்தை ஜெர்மன் மொழியில் கேட்க எனக்கே பைத்தியம் பேசுவது போல இருந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எழுதாமல் போனவர்களைத் தாங்கள் நாலு பக்கமும் தேடவேண்டியிருக்கிறது, எழுதிவிட்டுப் போனவர்களை ஒரு பக்கம் தேடினால் போதும் என்றாள். தன் புருசன் மீட்புக் குழுவில் இருந்தவராம். அவ்வளவும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மெலனி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பெரியம்மா கேட்டவா தானே? அப்ப பெரியப்பா எங்கை எண்டு அவவுக்குத் தெரியும் தானே?"

அவளுக்கு நான் அல்பிரட்டுக்குச் சொன்னது ஒன்றும் தெரியாது. வாங்கில் குந்தி, நான் செய்ததை முழுக்க அவளிடம் சொன்னேன். மகளிடம் அப்படி ஒன்றை நான் அதற்கு முன் சொன்னதேயில்லை. அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். எழும்பிப் போய்க் குடில் ரெலிபோனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

றஞ்சிக்கு எடுத்தோம். அல்பிரட்டின் இலக்கம் எனக்கு மனப்பாடமில்லை, அது அவளிடம் இருந்த என் ரெலிபோனில். அவள் அவனுக்கு எடுத்து, ஒரு ரெலிபோனின் வாயை மற்றதின் காதில் வைத்துப் பிடித்தாள். நான் மலையிலிருந்து கத்தினேன். கிழக்கே போகச் சொல்லு, அண்ணி சொன்னதுதான் சரி, நான் சொன்னது பிழை, உடனே கிழக்கே போகச் சொல்லு.

அல்பிரட்டின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"நீ சொல்லுமட்டும் அண்ணி இருப்பா எண்டு நினைச்சியோ மச்சான்? விடிய நாலரைக்குக் கடற்கரைக்கு வந்து என்ரை போட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. மேற்கை போறதெண்டால் தன்னையும் ஏத்திக்கொண்டு போ எண்டவ. ரெண்டு போட் அப்பவே கிழக்கை போயிட்டுது."

சுற்றி நின்று வாய்க்கு வந்தபடி ஏசிய சனத்துக்கு முன்னால், நீந்தத் தெரியாத அந்த மனிசி, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்றாம் நாளும் மேற்கே போயிருக்க வேண்டிய படகுகளைத் திருப்பியிருக்கிறார். நான் மலையில் ஏறி நின்று கண்டுபிடித்ததை அவர் படலையடியிலேயே தெரிந்து வைத்திருந்தார். அண்ணியை நினைக்க எனக்கு அழுகை வந்தது. ஆனால் பயம் போகவில்லை. இரண்டு நாளை வீணாக்கியவன் நான். அண்ணைக்கு ஒன்று நடந்திருந்தால் அது சோளகத்தின் குற்றமல்ல, என்னுடையது.

இறங்கி வீட்டுக்குப் போவோம் என்றேன். மெலனி பலகையைப் பார்த்தாள். இறங்கி வீட்டுக்குப் போக நாலு மணித்தியாலம், மேல் குடிலுக்கு ஒன்றரை மணித்தியாலம், செய்தி ரெலிபோனில்தான் வரும், அது அங்கேயும் இருக்கிறது என்றாள். நான் கொப்பியை இழுத்து, நாலாவது கட்டத்தில் மேல் குடிலின் பெயரை என் கையால் எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறது என்றாள் மெலனி. திருத்திக்கொண்டேன்.

6

அந்த ஒன்றரை மணித்தியாலத்தை நான் இரண்டேகால் மணித்தியாலமாக நடந்தேன். மெலனி எனக்கு முன்னால் நடக்கவில்லை, பின்னால் நடந்தாள். விழுந்தால் பிடிக்க என்று நினைக்கிறேன். ஒரு இடத்தில் கையைத் தந்து கல்லுக்கு மேலே தூக்கிவிட்டாள். வழியில் அவள் போன மலைகளைப் பற்றிக் கேட்டேன், ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலவற்றைத் தமிழில் தொடங்கி ஜெர்மன் மொழியில் முடித்தாள். முழுவதும் விளங்கியது என்று சொல்லமாட்டேன். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவன் நான் என்று பெருமைப்பட ஆசைதான், ஆனால் இதிலே பாதியை இந்த மலைகள்தான் வளர்த்திருக்கின்றன.

மேல் குடிலின் வாசலில் ஓர் இளைஞன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். தகப்பனும் மகளும் நீங்கள்தானே என்று கேட்டான். கீழ்க் குடிலுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்ததாம். அந்தப் பெண் கொப்பியைப் பார்த்துவிட்டு இங்கே சொல்லியிருக்கிறாள். உடனே வீட்டுக்கு எடுக்கட்டாம்.

மெலனிதான் இலக்கத்தை அழுத்தினாள். றஞ்சி 'ஹலோ' சொல்லுமுன்பே அழுதாள், அந்த அழுகை எது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னாள். கண்டுவிட்டார்களாம். வெளிச்சவீட்டுக்கு நேர் கிழக்கே, கரை மறைந்து வெகுதூரத்தில், இயந்திரம் பழுதாகிப் படகு காற்றோடு போய்க்கொண்டிருந்ததாம். இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது. குடிதண்ணீர் வெள்ளியன்றே முடிந்துவிட்டதாம். அண்ணையால் பேச முடியவில்லை, ஆனால் தண்ணீர் கொடுத்ததும் தானே போத்தலைப் பிடித்துக் குடித்தாராம். கட்டி இழுத்துக்கொண்டு கரைக்குக் கிட்ட வந்துவிட்டார்களாம்.

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். மெலனியும் பக்கத்தில் குந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த இளைஞன் ஒன்றும் கேட்காமல் இரண்டு கோப்பை சூப் கொண்டுவந்து கல்லில் வைத்துவிட்டுப் போனான்.

அண்ணியோடு கதைக்க வேண்டும் என்றேன். றஞ்சி மறுபடியும் ரெலிபோனோடு ரெலிபோனை வைத்துப் பிடித்தாள். அண்ணி கடற்கரையில் நின்றார். காற்றுச் சத்தமும் சனத்தின் சத்தமும் கேட்டன. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ஏசியதற்கு, மேற்கே அனுப்பியதற்கு, இரண்டு நாளுக்கு. ஒழுங்காக வரவில்லை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அண்ணி மெதுவாக, கோபம் ஒன்றும் இல்லாமல் சொன்னார்.

"அதை விடுங்கோ தம்பி. என்ரை தம்பி சூசை சண்டைக்குள்ளை காணாமல் போன அண்டைக்கு நான் படலையடியிலை நிண்டனான். சைக்கிளை உருட்டிக்கொண்டு போறான். எங்கையடா எண்டு வாய்மட்டும் வந்தது. போற பிள்ளையைக் கேக்கக்கூடாதெண்டு விட்டிட்டன். முப்பது வரியமா அவனைத் தேடி எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதல் அதைத்தான் கேக்கிறாங்கள், அவன் எங்கை போனவன் எண்டு. எனக்குத் தெரியாது தம்பி."

அங்கே சத்தம் பெரிதாகியது. போட் தெரியுது, வைக்கிறன் என்று சொல்லிவிட்டு அண்ணி ரெலிபோனை வைத்தார்.